மரம் உடையும் இடம்

கட்டடவியல் படித்த யாரிடமாவது மரத்தைப் பற்றி என்ன படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கட்டுமானப் பொருட்கள் பாடத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது, குறுக்குவெட்டுப் படம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான் என்பார்கள். கான்கிரீட்டுக்கும் எஃகுக்கும் பருவத்துக்குப் பருவம் தாள்கள் உண்டு. மரத்துக்கு அந்த அத்தியாயம் மட்டும்தான். நானும் அப்படித்தான் இளநிலையை முடித்தேன். முதுநிலையில் மரப் பொறியியலை எடுத்தபோது, "அதில் படிக்க அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்காத ஆள் இல்லை. இப்போது படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். பதில் சொல்லும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஓர் உத்திரத்தைக் கணக்கிட இந்தப் படிப்பு தேவையில்லை. வளைவு விசை, வெட்டு விசை, தொய்வு எல்லாம் இளநிலையில் கற்றதுதான். இரண்டு உத்திரங்கள் சேரும் இடத்தைக் கணக்கிடத்தான் இத்தனை பாடமும். அந்த இடத்துக்கு நேரடியாகப் போக முடியாது. மரத்தின் திசை, காலம், ஈரம் என்ற மூன்றையும் கடந்துதான் போக வேண்டும்.

முதலில் திசை. எஃகை எந்தப் பக்கம் இழுத்தாலும் வலிமை ஒன்றுதான். மரத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லவே முடியாது. ஐரோப்பிய நாடுகளில் வீடு கட்டப் பரவலாகப் பயன்படும் சி24 என்ற தரத்தை எடுத்துக்கொள்வோம். இழை ஓடும் திசையில் இழுத்தால் 14.5 மெகாபாஸ்கல் வரை தாங்கும் என்று கணக்கில் எடுப்பார்கள். இழைக்குக் குறுக்கே இழுத்தால் 0.4. ஒரே பலகை, இரண்டு திசைகள், நடுவே 36 மடங்கு வித்தியாசம். அழுத்தினாலும் அப்படித்தான்: இழையோடு 21, குறுக்கே 2.5.

இரண்டுக்கும் நடுவே சாய்வாக அழுத்தினால் என்ன ஆகும்? 45 டிகிரி என்றால் 21-க்கும் 2.5-க்கும் பாதியில் எங்கோ நிற்கும் என்றுதான் மனம் சொல்கிறது. ஹேங்கின்சன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 4.5 வருகிறது. கொஞ்சம் சாய்ந்தாலே மரம் பலவீனமான திசையின் பக்கம் போய்விடுகிறது. இந்த ஒரு கணக்கை நான் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான், பலகையைக் கையில் எடுத்ததும் முதலில் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்தது. கணுவைச் சுற்றி இழை வளைந்து போகும். அங்கே பலகை நேராகத்தான் இருக்கும், இழை நேராக இருக்காது. சோதனையில் பலகை முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்து, ஒரே காட்டிலிருந்து, ஏன், ஒரே அடிமரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று தாங்குவதைப் போல இருமடங்கை இன்னொன்று தாங்கும். அதனால் சராசரியை வைத்து வடிவமைக்க முடியாது. நூறு பலகையை உடைத்தால் அடியில் இருக்கும் ஐந்தை ஒதுக்கிவிட்டு, அந்த எல்லையில் என்ன வலிமை இருக்கிறதோ அதைத்தான் எடுக்கிறோம். சி24-ல் உள்ள 24 என்பது அப்படி வந்த வளைவு வலிமை. மீதி 95 பலகைகள் அதற்கு மேல்தான். இந்தப் பலகையை உடைக்காமலே அது எந்த வகுப்பு என்று எப்படிச் சொல்வது? தரம்பிரித்தல் என்ற பாடமே அதற்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதில்தான் வந்தது. ஆய்வகத்தின் மூத்த உதவியாளர் 4 மீட்டர் நீளப் பலகை ஒன்றை இரண்டு ரப்பர் கட்டைகள் மேல் வைத்தார். ஒரு முனையில் மைக். மறுமுனையில் சிறு சுத்தியலால் ஒரு தட்டு. "முதலில் காதால் கேளுங்கள், அப்புறம் திரையைப் பாருங்கள்" என்றார். டங்கென்று தெளிவாக ஒலித்தது. திரையில் அதிர்வெண் 640 ஹெர்ட்ஸ். ஒலி பலகையின் நீளத்தில் போய்த் திரும்பி வரும் வேகம் இதிலிருந்து வரும்: இருமடங்கு நீளம், பெருக்கல் அதிர்வெண், நொடிக்கு 5,120 மீட்டர். அந்த வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் மரத்தின் விறைப்பு. அடர்த்தி கனமீட்டருக்கு 420 கிலோ என்றால் விடை 11,000 மெகாபாஸ்கல். சி24-க்குச் சராசரியாக எதிர்பார்க்கும் விறைப்பு அதே 11,000. ஒரு தட்டில், பலகைக்கு எந்தச் சேதமும் இல்லாமல். அடுத்து வைத்த பலகை பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தது. தட்டினால் மந்தமாக ஒலித்தது. அதைக் கீழ்வகுப்பில் சேர்த்தார். பெரிய அறுவை ஆலைகளில் இதே கணக்கை இயந்திரங்கள் ஓடும் பலகைகளின் மேல் போடுகின்றன.

இனி காலம். எஃகுத் தூணிடம் எவ்வளவு பாரம் என்று கேட்டால் போதும். மரத்திடம் எவ்வளவு நாளைக்கு என்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் இதைச் சோதித்தார்கள். சில நிமிடச் சோதனையில் உடையும் பாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தை மட்டும் ஏற்றிவைத்தாலும், பத்தாண்டு அளவில் மரம் உடைந்துவிடும் என்று அந்த ஆய்வுகள் காட்டின. அந்தக் கோட்டை இன்றும் மேடிசன் வளைகோடு என்றே சொல்கிறோம். மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோடு 5-ல் நிரந்தரப் பாரத்துக்கு 0.6, கொஞ்ச நேரமே வந்துபோகும் காற்று போன்ற பாரத்துக்கு 0.9 அல்லது அதற்கு மேல் என்று மரத்தின் வலிமையைப் பெருக்கும் எண்கள் இருப்பது இதனால்தான். கூரையின் சொந்த எடை காற்றைவிடச் சிறியதாக இருக்கலாம். ஆனாலும் அது ஐம்பது வருடம் நகராமல் அங்கேயே இருக்கும்.

உடைவது ஒருபுறம் இருக்க, தொய்வும் காலத்தோடு வளரும். கிரீப் என்று சொல்வார்கள். உள்ளறையில் இருக்கும் உத்திரம் இன்று 10 மி.மீ. தொய்ந்தால், நிரந்தரப் பாரத்தின் கீழ் அது காலப்போக்கில் 16 மி.மீ. ஆகும் என்று கணக்கிடுகிறோம். மழையில் நனையும் இடத்தில் அதே 10 மி.மீ. 30 ஆகும். பாரம் அதேதான். மாறியது ஈரம்.

ஈரத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். மரத்தின் செல்சுவர் ஏறத்தாழ 30 சதவீத ஈரம் வரை நீரை உள்ளே பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே காயக் காய மரம் சுருங்கும், கூடவே வலுவும் ஏறும். நீளவாக்கில் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. குறுக்கே நன்றாகத் தெரியும். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, வளையங்களைக் குறுக்காக வெட்டும் ஆரத் திசையைவிட ஏறத்தாழ இருமடங்கு. வட்ட அடிமரம் காயும்போது வெளியிலிருந்து மையம் நோக்கி வெடிப்பதும், பலகை குவிந்து வளைவதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். எங்கள் ஆய்வகத்தில் 20 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் மாறாமல் வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. உடைக்கப்போகும் ஒவ்வொரு துண்டும் எடை மாறாமல் நிற்கும்வரை அங்கே இருக்க வேண்டும். சுமார் 12 சதவீத ஈரத்தில் நிலைப்படும். அவசரப்படுத்த வழியே கிடையாது. ஆய்வேட்டின் கால அட்டவணையை அந்த அறைதான் தீர்மானிக்கிறது.

சரி, இப்போது இணைப்புக்கு வருவோம்.

இரண்டு மரங்களை ஒட்டவைத்தால், அல்லது போல்ட் போட்டு இறுக்கினால், மேலே சொன்ன மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடும். உத்திரம் ஒரு திசையில் இழுக்கும், தூண் இன்னொரு திசையில் தாங்கும். ஒன்றின் வலுவான திசை மற்றதன் பலவீனமான திசை. போல்ட் துளையைச் சுற்றி விசை குவியும். அந்தத் துளையின் ஓரத்தில் மரம் இழைக்குக் குறுக்காகப் பிளக்கப் பார்க்கும், அதாவது 0.4 மெகாபாஸ்கல் என்ற அந்தச் சின்ன எண்ணை நோக்கிப் போகும். இரண்டு உத்திரங்களும் தனித்தனியே பாரத்தைத் தாராளமாகத் தாங்கலாம். அந்த விசை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் அரை மீட்டர் இடத்தில்தான் கட்டடம் நிற்பதும் விழுவதும்.

டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்சன் 1949-ல் இதற்கு ஒரு கோட்பாடு எழுதினார். மரத்துக்குள் செருகிய எஃகுக் கம்பி தோற்பதற்குச் சில வழிகள்தான் உண்டு என்றார். கம்பி நேராகவே இருந்து, அதற்கு அடியில் மரம் நசுங்கலாம். கம்பி ஓரிடத்தில் மடங்கி மரமும் நசுங்கலாம். மெல்லிய கம்பி என்றால் பல இடங்களில் மடங்கலாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு சமன்பாடு. எது குறைவான விசையைத் தருகிறதோ அதுதான் நடக்கும். இன்றைய யூரோகோடு 5-ன் இணைப்புச் சமன்பாடுகள் அதிலிருந்து வளர்ந்தவை. வகுப்பில் முதலில் பார்த்தபோது எழுத்துகளும் வர்க்கமூலங்களுமாக மிரட்டியது.

ஆனால் ஒரு இணைப்பை உடைத்து அறுத்துப் பார்த்த அன்று எல்லாம் விளங்கியது. அடுக்கு அடுக்காக ஒட்டிச் செய்த குளூலாம் உத்திரத்தின் நடுவில் ஒரு பிளவு அறுத்து, அதற்குள் எஃகுத் தகடு ஒன்றைச் செருகி, குறுக்கே 12 மி.மீ. டோவல்கள், அதாவது தலையும் மரையும் இல்லாத எஃகுக் கம்பிகள், அடித்திருந்தோம். இயந்திரம் மெல்ல இழுத்தது. முதலில் வரைகோடு நேராக ஏறியது, அப்புறம் வளைந்து கிடைமட்டமாக நீண்டது. மரம் அவ்வப்போது சடசடத்தது. வெளியிலிருந்து பார்த்தால் தகடு சில மில்லிமீட்டர் வெளியே வந்ததைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இறக்கி, பட்டைரம்பத்தில் டோவல்களை ஒட்டி நீளமாக அறுத்தோம். உள்ளே ஒவ்வொரு டோவலும் தகடு இருக்கும் இடத்தில் மடங்கி, இரு பக்கமும் மரத்துக்குள் இன்னொரு முறை மடங்கியிருந்தது. தகட்டுக்குப் பக்கத்தில் மட்டும் துளை நீள்வட்டமாகியிருந்தது. அங்கே இழைகள் நசுங்கி, அடர்ந்து, தொட்டால் கெட்டியாக இருந்தன. மரத்தின் வெளிப்பக்கம் போகப் போகத் துளை துளைத்தபடியே வட்டமாக இருந்தது. யோஹான்சன் வரைந்த படம் அப்படியே கையில் இருந்தது.

அந்தச் சோதனையில் டோவல்கள் மடங்கியதால் மரம் திடீரென்று பிளக்கவில்லை. ஓர் இணைப்பு எச்சரித்துவிட்டுத் தோற்க வேண்டும் என்பதுதான் இந்தப் படிப்பில் நான் கற்றவற்றில் முக்கியமானது. கம்பி தடித்து, மரத்தின் முனைக்குப் பக்கத்தில் இருந்தால் கம்பி மடங்காது. மரம் ஒரே சத்தத்தில் பிளக்கும். அதனால்தான் இழுவிசையில் இருக்கும் முனையிலிருந்து போல்ட்டின் விட்டத்தைப் போல 7 மடங்கு, குறைந்தது 80 மி.மீ. தள்ளியே முதல் போல்ட் இருக்க வேண்டும் என்ற விதி.

இன்னொரு விதி, வெளியாட்களுக்கு நம்பவே முடியாதது. இழையின் போக்கில் ஒரே வரிசையில் 6 போல்ட், விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த இடைவெளியில் போட்டால், கணக்கில் அவை சுமார் 4 போல்ட்டுக்குத்தான் சமம். முதல் போல்ட் தொடங்கிவைக்கும் பிளவு வரிசை முழுவதும் ஓடிவிடும். இரண்டு போல்ட்டின் காசையும் உழைப்பையும் வீணாக்குவதைவிட இடைவெளியைக் கூட்டுவது மேல். மெல்லியதாக, நிறைய, நன்றாகப் பரவலாக: நல்ல இணைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஈரம் இங்கேயும் வரும். 600 மி.மீ. உயரமுள்ள குளூலாம் உத்திரத்தின் முனையில் உயரமான எஃகுத் தகடு வைத்து, மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட் போட்டு இறுக்கியாகிவிட்டது. மரம் 12 சதவீத ஈரத்தில் வந்தது. சூடேற்றிய உலர்ந்த அறையில் 8 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒரு சதவீத ஈரத்துக்குக் குறுக்கே கால் சதவீதம் சுருக்கம் என்று வைத்தால், மொத்த உயரத்தில் 6 மி.மீ. எஃகு சுருங்காது, போல்ட்டுகள் நகராது. அப்போது மரம் நடுவில் இழையோடு பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேலே எந்தப் பாரமும் ஏறாமலே இது நடக்கும். தீர்வு எளிது: போல்ட்டுகளை நெருக்கி ஒரு பக்கமாக வை, அல்லது மறுபக்கத் துளையை நீளமாக்கு. வரைபடத்தில் ஒரு சிறு மாற்றம்தான். அது தெரியாமல் வரைந்தால் உத்திரமே போய்விடும்.

இதெல்லாம் ஏட்டுக் கவலை இல்லை. எங்கள் பேராசிரியர் ஒரு பாடவேளை முழுக்க விழுந்த கட்டடங்களைப் பற்றி மட்டுமே பேசினார். 2003 ஜனவரியில் டென்மார்க்கின் பாலெரூப் நகர விளையாட்டரங்கில், கட்டி முடித்து ஓராண்டு ஆகாத கூரையில், 72 மீட்டர் அகலச் சட்டகங்கள் இரண்டு விழுந்தன. அன்று பனியும் இல்லை, புயலும் இல்லை. முனை இணைப்பின் வலிமையைச் சரிபார்த்ததில் பிழை. 2006 ஜனவரி 2 அன்று ஜெர்மனியின் பாட் ரைஷன்ஹால் பனிச்சறுக்கு அரங்கின் கூரை விழுந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். பனித்தளத்துக்கு மேலே எப்போதும் ஈரம். அங்கே பயன்படுத்திய யூரியா பிசின் ஈரத்துக்கு ஏற்றதல்ல, பல வருடங்களில் வலுவிழந்தது. கணக்கிலும் குறைகள் இருந்தன. நார்வேயில் 2016-ல் பெர்க்கோலோ பாலமும், 2022 ஆகஸ்டில் டிரெட்டன் பாலமும் விழுந்தன. டிரெட்டன் திறந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. டோவல் கூட்டம் ஒன்று மரத்தின் ஒரு துண்டையே கட்டியாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. நான்கு கட்டுமானங்கள். உத்திரம் போதாமல் விழுந்தது அதில் எதுவும் இல்லை. இணைப்பிலோ ஒட்டிய இடத்திலோதான் தொடங்கியது. அந்த வகுப்பில் யாரும் பேசவில்லை. பாட் ரைஷன்ஹால் படங்களைப் பார்த்த பிறகு பிசின் பற்றிய பாடத்தை நான் எப்போதும் மேம்போக்காகப் படித்ததில்லை.

நெருப்பைப் பற்றிக் கேட்காதவர்கள் கிடையாது, அதனால் சுருக்கமாக. பெரிய மர உத்திரம் எரியும்தான், ஆனால் ஒரு கணிக்கத்தக்க வேகத்தில். நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. கரியாகும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ. போகும் என்று வைத்து, உள்ளே மிஞ்சும் மரம் பாரத்தைத் தாங்கும்படி கணக்கிடுகிறோம். கரியே உள்மரத்துக்கு வெப்பத் தடுப்பாக இருக்கும். பலவீனம் இங்கேயும் அதே இடத்தில்தான்: வெளியே தெரியும் எஃகுத் தகடு சூட்டை நேராக இணைப்புக்குள் கொண்டுபோகும். ஆகவே தகட்டை மரத்துக்குள் மறைக்கிறோம்.

இப்போது எல்லோரும் பேசும் சி.எல்.டி. பலகைகளையும் படிக்கிறோம். பலகைகளை ஒரு அடுக்கு நீளவாக்கில், அடுத்த அடுக்கு குறுக்கே என்று மாற்றி மாற்றி ஒட்டிச் சுவராகவும் தளமாகவும் பயன்படுத்துவது. 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. அதன் ஆய்வுக்காக கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் 2019-ல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றார். குறுக்கடுக்கு மரத்தின் திசைச் சிக்கலைப் பெருமளவு சரிசெய்கிறது. பதிலுக்குப் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறது: தளம் வளையும்போது குறுக்கடுக்கின் இழைகள், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்த பென்சில்கள் போல உருளப் பார்க்கும். அந்த உருள்வெட்டு வலிமை மிகக் குறைவு.

நார்வேயின் புருமுண்டாலில் 2019-ல் முடிந்த மியோஸ்டோர்னெட் கட்டடம் 85.4 மீட்டர் உயரம். தூண்களும் குறுக்குச் சட்டகங்களும் குளூலாம். ஆனால் மேல் ஏழு தளங்களைக் கான்கிரீட்டில் போட்டிருக்கிறார்கள். மரம் இலகுவானது, உயரத்தில் காற்றுக்கு அசையும், எடை வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான பொறியியலாகவே தெரிகிறது. எல்லாவற்றையும் மரத்தில்தான் செய்வோம் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆர்வலர்களைவிட, மரம் எங்கே போதாது என்று தெரிந்தவர்கள்தான் மரத்துக்கு நல்லது செய்கிறார்கள்.

நானும் இப்போது இணைப்பில்தான் இருக்கிறேன். டோவல் இணைப்புகளில் இழைக்குக் குறுக்காக நீளமான முழுமரை ஸ்க்ரூக்களை ஏற்றி, பிளவைத் தடுத்தால் எவ்வளவு பலன் என்பது என் ஆய்வேடு. ஸ்க்ரூ, அந்த 0.4 மெகாபாஸ்கல் திசையில் மரத்தைத் தைத்துப் பிடிக்கிறது. பிளவு தொடங்கினாலும் ஓடாது, டோவல்களுக்கு மடங்க நேரம் கிடைக்கும். ஆனால் மரம் காய்ந்து சுருங்கும்போது இதே ஸ்க்ரூ அதைத் தடுத்து வேறு இடத்தில் பிளவை உண்டாக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கான துண்டுகள் இன்னும் அந்த ஈரப்பத அறையில்தான் இருக்கின்றன.

இந்தப் படிப்பை யோசிப்பவர்களுக்கு: சில பல்கலைக்கழகங்களில் இது கட்டடவியல் துறைக்குள் இருக்கும், சிலவற்றில் வனவியல் அல்லது மரத்தொழில்நுட்பத் துறைக்குள். முதலாவதில் கணக்கு அதிகம், இரண்டாவதில் மரத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். எதில் சேர்ந்தாலும் மற்றதிலிருந்து இரண்டு மூன்று தாள்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள். செல்சுவரைப் படிக்காதவருக்குச் சுருக்கம் வெறும் எண், அமைப்பியல் படிக்காதவருக்குப் போல்ட் வெறும் போல்ட். சேர்வதற்கு முன் இன்னொன்றும் விசாரியுங்கள்: அங்கே மாணவர்களே இணைப்புகளைச் செய்து, உடைத்து, அறுத்துப் பார்க்க ஆய்வகம் இருக்கிறதா, இல்லை காணொளியில் காட்டிவிட்டு விட்டுவிடுவார்களா என்று.